ஊருக்கு வராதது பிள்ளைகளின் குற்றமா?

தை பிறந்தாலும் மே மாதம் வந்தாலும் ஒரே புலம்பல்தான் காதில் விழுகிறது. "அந்தக் காலத்துல லீவு வுட்டா ஆயா வீட்டுல பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க கெடக்கும். இப்ப வர்றதே இல்ல. வந்தாலும் போனத் தூக்கிக்கிட்டு மூலையில உக்காந்துடுதுங்க. சொந்தம் பந்தம் எதுவும் தெரியல." காட்டுமன்னார்கோயில் டீக்கடையில் இதைச் சொல்கிறார்கள். பொங்கல் மலர்களில் எழுதுகிறார்கள். பட்டிமன்ற மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார்கள். எனக்கு ஆட்ட மனமில்லை. சொந்தக்காரர் வீட்டில் விடுமுறை கழிக்கும் வழக்கம் இளைத்திருப்பது உண்மை. அதற்குப் பிள்ளைகளின் மனசுதான் காரணம் என்பது உண்மையில்லை. அந்த வழக்கத்தைத் தாங்கி நின்ற தூண்களை உருவியவர்கள் பெரியவர்கள்தான். உருவிவிட்டு, கூரை ஏன் சாய்ந்தது என்று பத்து வயசுப் பிள்ளையிடம் கேட்கிறோம்.

முதலில் தலைக்கணக்கைப் பார்ப்போம். ஆயா வீட்டில் பதினைந்து பிள்ளைகள் படுத்திருந்தது உண்மை. ஆயாவுக்கு ஐந்தாறு பிள்ளைகள், அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று என்றால் தானாகவே அந்தக் கூட்டம் சேர்ந்துவிடும். அப்படிக் கூட்டத்தில் வளர்ந்தவர்கள்தான் பிறகு இரண்டு போதும் என்றார்கள், ஒன்றே போதும் என்றும் முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான், தாய்மார்களின் உடம்பைக் காத்த முடிவு. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. இரண்டு தலைமுறை ஒற்றைப் பிள்ளையாகப் போன வீட்டில் அத்தை ஏது, சித்தப்பா ஏது, மாமன் மகள் ஏது? இல்லாத மாமா வீட்டுக்கு எந்தப் பிள்ளை லீவுக்குப் போகும்?

அடுத்தது அடுக்களை. இந்தப் புலம்பலை எழுதுகிறவர்கள் ஒருமுறைகூட அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கோபம்.

என் தாய்மாமன் வீடு காட்டுமன்னார்கோயிலை ஒட்டி, வடவாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருந்தது. மே மாதம் முழுக்க நாங்கள் அங்கேதான் கிடப்போம். அத்தை விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, விறகடுப்பில் உலை வைப்பார். நாங்கள் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓடினால் பதினொரு மணிக்குப் பசியோடு திரும்புவோம். அதற்குள் சோறு வடித்திருப்பார், ஏரிக் கெண்டையைக் கழுவி மண்சட்டியில் குழம்பு கூட்டியிருப்பார். பிள்ளைகள், மாமா, தாத்தா, வந்து போகிறவர்கள் என்று பந்தி பந்தியாகப் போட்டு முடித்து அவர் தட்டெடுக்கும்போது குழம்பில் மீன் இருக்காது, புளித்தண்ணீரும் முள்ளும்தான் இருக்கும். மூன்று மணிக்குத் திரும்ப அடுப்பு. முறுக்கோ, அவித்த கிழங்கோ. அவருக்கும் அம்மா வீடு இருந்தது, மீன்சுருட்டிப் பக்கம். நாங்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு இரண்டு நாள் போய்விட்டு வருவார். அவருடைய மகள் எங்கள் வயசுக்காரி. நாங்கள் வாய்க்காலில் குதித்துக்கொண்டிருக்கையில் அவள் இடுப்பில் குடம் இருக்கும். இப்போது அவளுக்கும் பேரன் பேத்தி வந்துவிட்டார்கள். "உங்களுக்கெல்லாம் லீவுன்னா எனக்கு வேலைன்னு அர்த்தம்" என்று போன பொங்கலுக்கு என்னிடம் சொன்னாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

நாடு முழுதும் கணக்கெடுத்துப் பார்த்தும் இதே நிலைதான் தெரிந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவழித்தார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களின் நேரம் 97 நிமிடம். அதுவும், ஈடுபடுகிற ஆண்களே நாலில் ஒருவர்தான். சாதாரண நாளின் கணக்கே இப்படி. வீட்டில் விருந்தாளி நிறைந்த மே மாதத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தப் பொற்காலத்துக்கு யாரோ ஒருத்தர் தினமும் விலை கொடுத்தார், அவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

"வசதி வந்ததும் மூணாறு, கொடைக்கானல் என்று போய்விடுகிறார்கள்; சொந்தக்காரன் வீடு கசக்கிறது" என்று இன்னொரு குற்றச்சாட்டு. அந்த விடுதி அறையில் அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் அவர் அடுப்பு பற்றவைக்க வேண்டாம், யார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம். மாமியார் ஊருக்குப் போனால் பயணக் களைப்போடு நேரே அடுக்களைக்குத்தான் போக வேண்டும். புருஷன் திண்ணையில் சாய்ந்துகொள்வார், அவருக்கு அது சொந்த ஊர். ஒரு வீட்டின் விடுமுறையை எங்கே கழிப்பது என்பதில் பெண்ணுக்கும் ஒரு வாய் சொல் கிடைத்ததும் அவர் தனக்கு ஓய்வு கிடைக்கும் இடத்தைச் சொல்கிறார். இதைப் போய் உறவின் வீழ்ச்சி என்கிறோம்.

தண்ணீருக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் விடுமுறை என்றாலே ஆறு, வாய்க்கால், ஏரிதான். கொள்ளிடத்தில் கீழணையில் தேங்கும் காவிரித் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. சோழ இளவரசன் இராஜாதித்தன் காலத்தில் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி. முழு நீர்மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. ஆடிப் பதினெட்டுக்குக் கரையெங்கும் கூட்டம் நிற்கும். புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு ஆடிக்கு அழைத்துவந்து, தாலி பிரித்துக் கோர்த்து, கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். காதோலை கருகமணி, புளியோதரை, எலுமிச்சம்பழச் சோறு எல்லாம் கரையிலேயே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இந்த ஏரிக்கரையில், இதே ஆடிப்பெருக்கு நாளில்தான். படித்தவர்கள் பலருக்கு ஊர்த் திருவிழா என்றால் மனதில் வருவது அந்தக் காட்சி.

ஆனால் இந்தத் தண்ணீரை விடும் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியில் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் திறக்கவே இல்லை. அந்த எட்டு ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைக்கு ஆடிப்பெருக்கு என்றால் என்னவாகத் தெரிந்திருக்கும்? பல வருஷம் மணல் திட்டில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வந்தாலும் இறங்க விட முடிவதில்லை. கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் வாய்க்கால்களிலும் முதலைகள் இருக்கின்றன. குளிக்கப் போனவர்களைக் கடித்து இழுத்திருக்கின்றன. ஊருக்குள் வந்ததைப் பிடித்து வனத்துறை சிதம்பரம் அருகே வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. போதாததற்கு மணல் அள்ளிய பள்ளங்கள். "நாங்கள்லாம் நாள் பூரா ஆத்துல கெடந்தோம்" என்று சொல்லும் அதே பெரியப்பாதான் பேரன் கரைப்பக்கம் போனால் பதறிக் கத்துகிறார். பதறுவது சரிதான். அப்படியானால் பிள்ளை எங்கே போவான்? மூலையில் உட்கார்ந்து போனைத்தான் எடுப்பான். ஆற்றை மூடிவிட்டு, கையில் இருக்கும் கருவியைக் குறை சொல்கிறோம். 2004இலிருந்து நாளுக்குப் பதினெட்டுக் கோடி லிட்டர் வரை இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போக வழி செய்தோம். சென்னைக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் இந்த ஏரிக்கரையில் ஒரு பகல் பயமில்லாமல் விளையாட ஒரு படித்துறையாவது, நிழலாவது, கம்பிவேலி போட்ட குளிக்கும் இடமாவது செய்தோமா?

லீவு என்று ஒன்று இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று ஜனவரி நடுவில் மூன்று நாள் அரசு ஊழியருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் விடுமுறை. தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் உறுதி செய்வது வருஷத்துக்கு ஒன்பது நாள். அதில் குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் போனால் பண்டிகைக்கென்று மிஞ்சுவது ஐந்து. தீபாவளி, பொங்கல், ஆயுதபூஜை எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்கியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டு பார்க்கும் ஒருவன் போகிக்கு ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது ஊர் வந்து, பொங்கலைத் தின்றுவிட்டு மறுநாள் ராத்திரியே திரும்புகிறான். காட்டுமன்னார்கோயிலுக்கு ரயில் கிடையாது. சிதம்பரத்தில் இறங்கி சுமார் 25 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். அந்த ரயில் சீட்டும் அறுபது நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்த கையோடு தீர்ந்துவிடுகிறது. பக்கத்து லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பெருநாளை வீட்டோடு கொண்டாடுவது என்பதை முதலாளி கொடுக்கும் லீவுதான் முடிவு செய்கிறது. தங்கையின் நிக்காஹ் தேதியையும் அதை வைத்துத்தான் குறிக்கிறார்கள்.

மே மாதம் என்ன ஆயிற்று? பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு மே மாதமே இல்லை. 2017இலிருந்து நீட் தேர்வு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். தேர்வு நடப்பது பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. ஏப்ரல் முழுக்கப் பயிற்சி, பிறகு முடிவு வரும்வரை பதைப்பு. பணம் கட்டிச் சேர்த்துவிட்டது யார்? "லீவுல சும்மா சுத்தாத, கிளாஸுக்குப் போ" என்று சொன்னது யார்? அந்தப் பிள்ளை ஆயா வீட்டுக்கு வரவில்லை என்று அப்பா மேடையில் வருத்தப்படுகிறார்.

இத்தனைக்கும் அவர்கள் வராமல் இல்லை. பொங்கலுக்கு முன்தினம் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வழக்கமான பேருந்துகளோடு சிறப்புப் பேருந்துகளையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேல் அரசு இயக்குகிறது. அப்படியும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உறவே வேண்டாம் என்று போனவர்கள் ராத்திரி முழுக்கக் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்று வருவார்களா? மே மாத ஒரு மாதக் கூட்டம் போய்விட்டது, தை மாத மூன்று நாள் கூட்டம் பெருத்திருக்கிறது. இது வரவில்லை என்று ஆகாது.

யாருடைய ஊர், யாருடைய லீவு என்றும் கேட்டாக வேண்டும். தீண்டாமைக் கொடுமைகளை ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்த மத்திய அரசுக் குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் இந்தக் காட்டுமன்னார்கோயில் மண்ணைச் சேர்ந்தவர். டீக்கடையில் தனி டம்ளர், கோயிலுக்குள் தடை, தனிக் கிணறு என்று நாடு முழுதும் கண்டதை அந்தக் குழு எழுதி வைத்தது. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடந்த இடத்தில் "எங்க காலத்துல ஊரே ஒரு குடும்பம்" என்று எழுதினால் பாதிப் பேருக்கு அது பொய். சேரிப் பிள்ளைக்கு லீவு என்றால் அப்பாவோடு வயலுக்குப் போவது, ஆடு மேய்ப்பது. படித்து வேலைக்குப் போய்விட்ட அந்தப் பிள்ளை, தன் மகளை ஊர்த் தெரு வழியாக அழைத்து வரத் தயங்கினால், யோசிக்க வேண்டியது ஊர்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தை நான் மெல்லக் கடந்துபோக மாட்டேன். வயசுக்கு வந்த பிள்ளையை ஒரு மாதம் சொந்தக்காரர் வீட்டில் விட அம்மா யோசிக்கிறார் என்றால் அவருக்குக் காரணம் இருக்கிறது. போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. பழைய கூட்டுக் குடும்பத் திண்ணைகளில் நடந்தவற்றைப் பல பெண்கள் ஐம்பது வயசுக்குப் பிறகுதான் வாய்திறந்து சொல்கிறார்கள். அப்போது சொல்ல ஆளில்லை, சட்டமும் இல்லை. சட்டம் வந்தது 2012இல். அந்த அம்மாவின் எச்சரிக்கையை நவீனத் தன்னலம் என்று பேசுகிறவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆபத்தில்லாத வீடுகளிலும் பிள்ளைகளை விரட்டும் வாய்கள் இருக்கின்றன. வந்த பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் "எவ்ளோ மார்க்கு?" "ஏன் கறுத்துட்ட?" "இன்னும் வேல கெடைக்கலியா?" "கல்யாணத்த எப்பப் பண்றதா உத்தேசம்?" எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வருஷம் பதில் சொன்னவள் அடுத்த வருஷம் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்கிறாள். அவளைப் பாசமில்லாதவள் என்கிறோம். கேள்வி கேட்டவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை.

வழக்கங்கள் அழிந்துவிட்டன என்பதும் மேலோட்டமாகப் பார்த்துச் சொல்வது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கே உரிய விநோத வழக்கங்கள் உண்டு. அடுத்த வீட்டுக்காரருக்குக்கூட அதன் பொருள் புரியாது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் தேர் பார்த்து, தரிசனம் முடித்து, உறவுக்காரர் வீட்டில் களியும் ஏழுகறிக் கூட்டும் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டு. ஏழு கறியில் ஒன்று அந்த வருஷம் நம் கொல்லையில் காய்த்ததாக இருக்க வேண்டும். கொல்லை போய் அடுக்குமாடி வந்த என் தங்கை, தொட்டியில் ஒரே ஒரு அவரைக்கொடி வளர்க்கிறாள், இதற்காகவே.

மாமா வீட்டு மாட்டுப் பொங்கலைச் சொல்ல வேண்டும். அறுவடைக்கு இயந்திரம் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, மாமா கடைசி ஜோடி மாட்டை விற்றுவிட்டார். அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு வீடே வாடிக் கிடந்தது. மறு வருஷம் மாமாவின் பேரன், அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தவன், பரணிலிருந்து மாட்டுச் சலங்கையை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, வாசலில் நின்ற டிவிஎஸ் எக்ஸெல் ஹாண்டில்பாரில் கட்டினான். மஞ்சள் குங்குமம் வைத்தான், கரும்புத் தோகையும் மாவிலையும் செருகினான். தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று அதைச் சுற்றி வந்தான். மாமா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்த வண்டியில்தான் உர மூட்டை வருகிறது, நெல் மூட்டை போகிறது, ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அதில்தான் என்று அவரே சொன்னார். தெருவில் சிலர் இதை மாட்டுப் பொங்கலுக்கு நேர்ந்த அவமானம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டைச் சுமக்கும் ஒன்றுக்கு வருஷத்தில் ஒரு நாள் நன்றி சொல்வதுதான் அந்தப் பண்டிகை என்றால், அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அந்தப் பையன். அவன் கையிலும் போன் இருந்தது.

போன் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது பெரியவர்கள் நேரத்தையும் தின்கிறது. ஆனால் காணும் பொங்கலன்று துபாயில் இருக்கும் சித்தப்பா திரையில் வந்து நிற்க, பிள்ளைகள் இங்கே வரிசையாக விழுந்து கும்பிடுகிறார்கள். அவர் அங்கிருந்தபடி விபூதி பூசுவதுபோல் கையை நீட்டுகிறார், ஆளுக்கு ஐம்பத்தொன்று என்று அம்மாவின் ஜிபேயில் வந்து விழுகிறது. இதை நடிப்பு என்று ஒதுக்குகிறவர்கள், சித்தப்பா அங்கே கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய நாளில் கடல் கடந்தவருக்கு இந்த வழியும் கிடையாது. கடிதம் வந்து சேருவதற்குள் பண்டிகை முடிந்துவிடும்.

நீண்ட மே மாதப் பகல்களை நான் இழந்ததாகவே உணர்கிறேன். எந்தத் திட்டமும் இல்லாமல் அத்தை மகனோடும் சித்தி மகளோடும் சண்டை போட்டு, சேர்ந்து, திரும்பச் சண்டை போட்டு வளர்வதற்கு மூன்று நாள் போதாது. அது பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். அதனால்தான் பழியை அவர்கள் தலையில் போட்டு முடித்துக்கொள்வதை எதிர்க்கிறேன். பழி சொல்லி முடித்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

எங்கள் குடும்பத்தில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். காணும் பொங்கலுக்கு மாமா வீட்டில் கூடுகிறவர்களுக்குச் சமையல், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வரும் சமையல்காரர். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறோம். அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. அவர் முதல் பந்தியில் உட்கார்கிறார். முதல் வருஷம் பெரியப்பா ஒருவர், "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்குறதா?" என்று கோபித்துக்கொண்டு வரவில்லை. அடுத்த வருஷம் வந்தார், தன் பங்கோடு அத்தையின் பங்கையும் கொடுத்தார். மார்க், நிறம், கல்யாணம் மூன்றையும் யாரும் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது என்று அந்த எக்ஸெல் பையன்தான் அட்டையில் எழுதி வாசல் நிலையில் ஒட்டினான். மூன்றையும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்கள். உடனே இன்னொருவர் அட்டையைக் காட்டுகிறார். போன வருஷம் வந்த பிள்ளைகள் அதற்கு முந்தைய வருஷத்தைவிட அதிகம். பாத்திரம் துலக்குவது மட்டும் இன்னும் பெண்கள் பக்கமே கிடக்கிறது. வரும் தையில் அதை ஆண்கள் எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம், நானும் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.